பனிமலைக்குத் தனியாகக் கிளம்பும் முன்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை: உத்தராகண்டில் உள்ள சோப்தா. அங்கிருந்து 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கும் துங்கநாத் கோயிலுக்கு நாலு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். அதற்கும் மேலே சந்திரசிலா உச்சி, ஏறக்குறைய 4,000 மீட்டர். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்பதால் பலர் தனியாகவே கிளம்புகிறார்கள். குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தி, சுவாமியைக் கீழே உள்ள மக்குமத் கிராமத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வழிக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். கொண்டுபோன பொருள் கைவிட்டால் வேறு வாங்க அங்கே வழியில்லை.

கே: ஆன்லைனில் 450 ரூபாய்க்கு 'ஐஸ் கிராம்பான்' வாங்கினேன். ரப்பர் பட்டையில் பத்து குமிழ் ஆணிகள் இருக்கின்றன. போதுமா? (கோவை)

ப: போதாது. அது கிராம்பானும் இல்லை. கிராம்பான் என்பது விறைப்பான பூட்ஸில் மாட்டும் நீளப் பல் இரும்புச் சட்டம், செங்குத்தான பனிக்கட்டியில் ஏறுபவர்களுக்கானது. உங்களுக்கு வேண்டியது மைக்ரோஸ்பைக்: ரப்பர் வளையம், அடியில் ஸ்டீல் சங்கிலி, அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பற்கள்.

நானும் ஒருமுறை இதே குமிழ் ஆணி வகையை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பகலில் பலர் மிதித்து உருகிய பனி, வெயில் சாய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. இறங்கும்போது இடது காலில் மூன்று ஆணிகள் கழன்று போயின. ஒரு வளைவு முழுக்க உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினேன். பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மைக்ரோஸ்பைக் வாங்கும்போது சங்கிலி வளையங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெறுமனே மடக்கி விட்டிருந்தால் பாரம் தாங்காமல் வாய் பிளக்கும். பற்றவைத்த வளையமாகப் பார்த்து எடுங்கள்.

கே: ஜீன்ஸ், உள்ளே காட்டன் பனியன், மேலே தடித்த ஸ்வெட்டர். சரிதானே? (சென்னை)

ப: ஸ்வெட்டர் சரி. மற்ற இரண்டும் வேண்டாம். பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும்.

கே: 'வாட்டர்ப்ரூஃப்' என்று விளம்பரம் செய்த ஷூவை ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். பனியில் ஒரு மணி நேரத்தில் சாக்ஸ் நனைந்துவிட்டது. ஏழு நாள் தாண்டிவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (திருச்சி)

ப: உங்கள் கோபம் நியாயமானது. இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேரை ஏமாற்றுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கும் ஆறவில்லை. தலைப்பில் பெரிதாக 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்கும். கீழே விவரப் பட்டியலில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மாறிவிடும். முன்னது நீரை உள்ளே விடக்கூடாது. பின்னது தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். மேல்துணியில் பூசிய பூச்சு மட்டும் இருந்தால் தேயத் தேய அந்தத் தாங்கலும் போய்விடும். நீர்புகாத ஷூ என்றால் உள்ளே தனியாக ஒரு மெல்லிய சவ்வு இருக்க வேண்டும். அதைப் பற்றி விவரத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் வாங்காதீர்கள்.

முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள். கணுக்கால் வழியாகப் பனி உள்ளே விழுந்து உருகியிருந்தால் அது ஷூவின் குற்றமில்லை. அதற்குக் கெய்ட்டர் என்ற உறை தனியாகக் கட்ட வேண்டும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, விரல் பகுதி முங்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் ஷூதான் காரணம். அதை வீடியோ எடுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு. விடாதீர்கள்.

கே: கிளம்புவதற்கு முந்தைய நாள் ஷூ வாங்கினேன். மலையில் இரண்டு நாள் போட்டதில் விரலெல்லாம் கொப்புளம். அளவு சிறியதாம். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (சேலம்)

ப: அவர் மறுப்பது சரி. அந்த ஷூவில் குறை ஒன்றும் இல்லையே. தடித்த சாக்ஸோடு, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, இரண்டு வாரம் ஊரிலேயே நடந்து பழக்கியிருக்க வேண்டும். பனிக்குத் தனியாகப் போகிறவர் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கே: தனியாகப் போவதால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியைத் துபாயிலிருந்து வரவழைக்கலாமா? (நாகர்கோவில்)

ப: வேண்டாம். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள். தங்கும் விடுதியில் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

கே: வாடகைக்கு எடுத்த கோட்டில் கிழிசல் என்று, ஜிபேயில் அனுப்பிய 1,500 ரூபாய் முன்பணத்தை வைத்துக்கொண்டார்கள். எடுக்கும்போதே கிழிந்திருந்தது. (விழுப்புரம்)

ப: நீங்கள் சொல்வதை நம்புகிறேன். எனக்கும் ஒரு வாடகைக் கடையில் இப்படி நடந்தது. ரசீது இல்லாததால் என் பணம் திரும்பவில்லை. உங்களிடம் ஜிபே மூலம் அனுப்பிய விவரம் இருக்கிறதல்லவா? அதையே ஆதாரமாக வைத்து 1915இல் பதியுங்கள். அப்புறம், அடுத்த முறை கடை வாசலிலேயே கோட்டின் நாலு பக்கமும் படம் எடுத்து, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கே: முழு சார்ஜில் இருந்த போன் உச்சியில் அணைந்துவிட்டது. வாரண்டி கேட்கலாமா? (மதுரை)

ப: கீழே வந்து சூடானதும் உயிர் வந்ததா? அப்படியென்றால் போனில் பழுதில்லை. கடுங்குளிரில் பேட்டரி அப்படித்தான் சோர்ந்துபோகும். உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.