எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் யார் காசில் ஓடுகிறது?

தம்பி, மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் லெவிக்கு, அதாவது ஆம்புலன்ஸுக்கென்று போடும் கூடுதல் சொத்துவரிக்கு, ஓட்டுக் கேட்டுப் பலகை, தீயணைப்பு நிலையத்தில் சாப்பாடு விற்று நிதி சேர்க்கிறார்கள், நூலக வாசலில் போதையால் மூச்சு நின்றவரை எழுப்பும் நார்கன் மருந்துப் பெட்டி வேறு. இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியதில்லையா, கைக்குழந்தையோடு இங்கே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். நாங்கள் 19 வருடமாக இருக்கிறோம்.

ஊரில் 108ஐக் கூப்பிட்டால் வண்டி வரும், காசு கேட்க மாட்டார்கள். இங்கே சிற்றூர்களில் பல வண்டிகள் தன்னார்வலர்களை நம்பி ஓடுகின்றன. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் மற்ற காப்பீடுகளும் பெரும்பாலும் நோயாளியை மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினால்தான் பணம் தரும். ஃபென்டனில் என்ற கடும் போதைமருந்தால் மூச்சு நின்றுபோகிற பையனை மூக்கில் நலோக்சோன் (அதுதான் நார்கன்) அடித்து எழுப்புகிறார்கள். எழுந்தவனுக்கு நடுக்கம், வாந்தி, போலீஸ் பயம். "நான் வரல" என்றால் கட்டாயப்படுத்த முடியாது. உயிரைக் காப்பாற்றிய வண்டி வெறுங்கையோடு திரும்பும். ஏற்றிப்போகாமல் அந்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்தாலும் பணம் என்று மெடிகேர் தொடங்கிய சோதனைத் திட்டத்தை 2023 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தப் பள்ளத்தைத்தான் லெவி நிரப்புகிறது. நிறைவேற 60 சதவீத ஓட்டு வேண்டும். உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் இங்கே காருக்கும் வருடாவருடம் சொத்துவரி உண்டு, ஆகவே உங்கள் பணமும் அதில் சேரும். சிற்றூர் ஆம்புலன்ஸ்களுக்கென்று 2018 விவசாயச் சட்டத்தில் வந்த சைரன் என்ற மத்திய அரசு மானியமும் இருக்கிறது, 2 லட்சம் டாலர்வரை. பயிற்சிக்கும் மருந்துக்கும் உதவும். ஆனால் அந்த விண்ணப்பத்தை எழுத எங்கள் நிலையத்தில் ஆள் இல்லை. இரண்டு முறை நான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். ஒரு முறை கிடைத்தது.

ஊர்க்காரர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கெர்மிட் என்று 400 பேர்கூட இல்லாத ஊர். அங்கே ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் என்ற, பழக்கமாகிவிடும் வலி மாத்திரை வந்து இறங்கியது. எரிக் அயர் என்ற செய்தியாளர் அதை வெளியே கொண்டுவந்து 2017இல் புலிட்சர் வாங்கினார். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்களுக்கு வலி மாத்திரையாகத்தான் இது வீட்டுக்குள் வந்தது. இதற்காக மருந்து நிறுவனங்கள் கட்டும் இழப்பீட்டில் 24.5 சதவீதம் கௌண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நகரங்களுக்கும் போகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று கௌண்டியை நடத்தும் கமிஷனின் கூட்டத்தில் பேசலாம். அங்கே எழுந்து பேச ஓட்டுரிமை வேண்டியதில்லை.

அங்கே நான் பேசியது ஒருவருக்காக. பகலில் பள்ளிப் பேருந்து பழுதுபார்ப்பவர், இரவில் எங்கள் வண்டியில் வருபவர். ஒரே பையனை மூன்று முறை எழுப்பினார். நான்காவது முறை இவருடைய வண்டி பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தது. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர் பல மாதம் சரியாகத் தூங்கவில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டவேண்டும். மருந்து வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் இவருக்கும் ஒதுக்கவேண்டும். ஹண்டிங்டனில் 2016 ஆகஸ்டில் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் 26 பேர் போதை மிகையால் மயங்கி விழுந்த பிறகு ஒரு குழு அமைத்தார்கள். பாராமெடிக்கும் ஆலோசகரும் சேர்ந்து, பிழைத்தவரின் வீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் போகிறார்கள். எங்கள் கௌண்டிக்கும் அப்படி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நார்கன் 2023இலிருந்து சீட்டில்லாமல் கடையில் கிடைக்கிறது, பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்டு 911ஐ அழையுங்கள், ஆள் எழுந்தாலும் விட்டுப் போகாதீர்கள்; மருந்தின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி நிற்கலாம். மனது தாங்காத நேரத்துக்கு 988 என்ற உதவி எண். அது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்தான். முதல் குளிர்காலம் தனிமையானது. அடுத்த நார்கன் பயிற்சிக்கு நான் போகும்போது உங்கள் இருவரையும் கூட்டிப்போகிறேன். குழந்தையை என் மகள் பார்த்துக்கொள்வாள்.