கமரா பிறகு வரட்டும்

கேள்வி: எனக்கு வயது 47. ஓர் அலுவலாக வவுனியாவுக்குப் போன இடத்தில் "பின்னேரம் வாங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்கத்தான் நூதனசாலைக்குள் போனேன். பழைய கல் புத்தர் ஒருவரின் முகத்தில் பக்கவாட்டாக வெளிச்சம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டு நின்றதில் வந்த அலுவலே மறந்துபோனது. அன்று தொடக்கம் எதைக் கண்டாலும் போனில் படம் எடுக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் நல்ல கமரா வாங்கி அனுப்பட்டோ என்கிறான். சொந்தக்காரர்கள் "இந்த வயதில் என்ன கூத்து" என்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: வயதுக் கதையை முதலில் முடித்துவிடுவோம், அக்கா. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையாருக்கு முதல் கமரா கிடைத்தது 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்தது. இன்றைக்கும் உலகம் பேசுகிற முகப் படங்களை அதற்குப் பிறகுதான் எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது என்று.

கமரா இப்போது வேண்டாம். அன்று உங்களை மறித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். பழைய சிலைகள் அங்கே வேறும் இருந்திருக்கும். இந்த ஒன்றில் மட்டும் வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்து, மூக்கின் ஒரு புறத்தை நிழலாக்கி, இமையின் செதுக்கலைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. அதே முகத்தை நேரே நின்று ஃபிளாஷ் அடித்து எடுத்திருந்தால் தோசை மாதிரித் தட்டையாக வந்திருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்த கண் உங்களுக்கு இருக்கிறது. அதைப் பழக்க போன் போதும்.

மத்தியான வெயிலில் ஆட்களை எடுக்காதீர்கள், கண்குழிகள் கறுத்துவிடும். விறாந்தையில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் படும்படி இருத்துங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் முகத்தின்மேல் அழுத்திப் பிடித்தால் குவியம் (ஃபோகஸ்) அங்கேயே நிற்கும்; பக்கத்தில் தெரியும் சூரிய அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வெளிறல் குறையும். இரணைமடுக் குளக்கட்டில் விடியற்புறம் நின்றால் நல்ல படம் கிடைக்கும்தான். ஆனால் அது எல்லோரும் எடுக்கிற படம். ஒருதரம் எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நூதனசாலையில் பொருள்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டைகளையும் கவனித்திருப்பீர்கள்: இது என்ன, எங்கே கிடைத்தது, எந்தக் காலம். கெமரன் 1878இல் களுத்துறையில் எடுத்த படம் ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதோடு முடிகிறது. நிற்பவர்களின் பெயர் இல்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் தனிக் கனம் உண்டு. 2009இல் உடுத்த உடுப்போடு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களிடம் அல்பம் இல்லை. மிஞ்சியது ஒரு அடையாள அட்டைப் படம், மழையில் நனைந்த ஒரு கலியாணப் படம். அயலில் கேட்டுப் பாருங்கள், தந்தால் பிரதி எடுத்துக் கொடுங்கள். படத்தை யன்னலோர மேசையில், நேர் வெயில் படாமல் வைத்து, போனை நேர் மேலே சமமாகப் பிடியுங்கள். மிகக் கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். சற்று உயர்த்தி, இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது, நிறமும் சேர்ந்து கழன்றுவிடும். உறையோடேயே எடுங்கள். அப்புறம் யார் யார், எந்த ஊர், யாருடைய கலியாணம் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். ஒரு தாய் பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டால் போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் கேட்கலாம்.

முகநூலில் போடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கமராவைக் கண்டதும் "எங்கை கொண்டு போகப் போறியள்?" என்று கேட்கிறவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது. இராணுவ முகாம், காவலரண் பக்கம் போனைத் தூக்க வேண்டாம். நூதனசாலைக்கு மறுபடி போனால் வாசலிலேயே அனுமதி கேளுங்கள்.

ஒரு கோடையும் ஒரு மாரியும் போனோடு போகட்டும். அதற்குப் பிறகும், வீட்டுக்குள் மங்கல் வெளிச்சத்தில் எடுத்தது புள்ளி புள்ளியாக வருகிறதே என்று ஆத்திரம் வந்தால் மகனிடம் சொல்லுங்கள். பாவித்த மிரர்லெஸ் கமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய ரகம்) ஒன்றும் சூம் இல்லாத 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் காணும். பிள்ளை பாசத்தில் பெரிய சூம் லென்ஸ் அனுப்பப் பார்ப்பான், மறித்துவிடுங்கள். வந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அலுமாரிக்குள் சும்மா வைத்தால் மாரியில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், பிறகு வெளியில் எவ்வளவு துடைத்தாலும் போகாது.