மாமியாரின் அறையில் ஐந்து தையல் மெஷின்கள்

கேள்வி: வீட்டிலேயே தையல் தொழில் நடத்துகிறேன். ஒரு மெஷினில் தொடங்கியது, இன்று ஐந்தாகிவிட்டது. வெளியிலிருந்து மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். இடம் போதாததால் மாமியாரின் அறையை எடுத்துக்கொண்டோம். அவர் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். அவருக்கு அதில் சிரமம் இல்லை. இப்போது, குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றித் தொழில் நடத்துவதாக உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் யாரோ பொறாமையால் புகார் கொடுத்திருக்கிறார்கள். அது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள், சகோதரி? புகார் கொடுத்தவரின் பெயர் தெரிந்தாலும் நோட்டீஸுக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. மாமியாருக்குக் கூடத்தில் படுப்பதில் சிரமம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொன்னவர் அவரா, நீங்களா? பகலெல்லாம் வேற்றாள்கள் வந்து போகும் கூடத்தில், கண்ணயரவோ புடவை மாற்றவோ ஒரு கதவு கூட இல்லாமல் இருப்பவர், மகன் வீட்டில் வேறு என்ன பதில் சொல்வார்?

இதைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வழக்கே இங்குதான் இருக்கிறது. வீட்டுத் தொழிலுக்கான விதிகள் ஊருக்கு ஊர் மாறினாலும் அவற்றின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றே: வீடு முதலில் குடியிருப்பாக இருக்க வேண்டும், தொழில் அதற்கு அடங்கியதாக இருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் பரப்பு, வெளியாட்களின் எண்ணிக்கை, சத்தம், பெயர்ப்பலகை, வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பதெல்லாம் இதற்காகத்தான். 1926ஆம் ஆண்டில், யூக்ளிட் என்ற ஊரின் நிலப் பயன்பாட்டு விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொல்லை என்பது சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதாகவும் இருக்கலாம் என்று கூறி, தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதை அதற்கு உதாரணம் காட்டியது. உங்கள் தையல் மெஷின்களில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு முதியவரின் கட்டில் கிடந்த இடத்தில் அவை நிற்பதுதான் குற்றம்.

உழைத்து முன்னுக்கு வந்த பெண்ணைத் தொழிலை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெரியவரின் அறையைப் பறித்து வளரும் வருமானத்தை வளர்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் எத்தனை மெஷின், எத்தனை ஆள் வரை அனுமதி உண்டு என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கடைப் பகுதியில் ஒரு சிறிய இடத்தை வாடகைக்குப் பிடியுங்கள். நோட்டீஸில் குறித்துள்ள கெடுவுக்குள், வேலை நேரம், வெளியாட்களின் எண்ணிக்கை, எந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றோடு எழுத்துமூலம் பதில் கொடுங்கள். அந்த வரைபடத்தில் மாமியாரின் அறையைப் படுக்கையறை என்றே குறியுங்கள். குறிப்பதற்கு முன், அவருடைய கட்டிலை அங்கே திரும்பப் போட்டுவிடுங்கள்.