கணவாய்ப் பொரியலும் சுவான்சீ வீதிப் பலகையும்

ஐயா வணக்கம்,

சீனாவில் எடுத்ததென்று ஒரு படம் வட்ஸ்அப்பில் வந்தது. ஈரத் தரையில் ஒரு பலகை. ‘கவனமாக வழுக்கி விழுங்கள்’ என்று ஆங்கிலத்தில். சிரித்து முடிந்த பிறகுதான் பயம் வந்தது. எங்கள் ஆறு அறை விடுதிக்கு மெனுவும் பலகைகளும் மூன்று மொழியிலும் அடிக்கப் போகிறோம். ஃபோனில் மொழிபெயர்த்தால் போதாதா? எங்கே பிழைக்கும்?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பலகையின் சீனத்தில் பிழை இல்லை. நான்கே எழுத்து. முதல் இரண்டும் சேர்ந்து ‘கவனம்’, மூன்றாவது ‘தரை’, நான்காவது ‘வழுக்கும்’. சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடமாட்டார்கள். ‘தரை’க்கான அதே எழுத்து, வேறு ஒலியில், நம் ‘ஆக’ போலவும் வரும். அதை முன்னுள்ள சொல்லோடு ஒட்டினால் ‘கவனமாக வழுக்கு’. பிரித்த இடம் பிசகிவிட்டது, அவ்வளவுதான்.

2008இல் வேல்ஸின் சுவான்சீயில் நடந்தது இன்னும் பெரிய பாடம். கனரக வாகனங்களுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்கு வெல்ஷ் மொழிபெயர்ப்புக் கேட்டு மின்னஞ்சல் போனது. ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்’ என்று வெல்ஷில் வந்த தானியங்கிப் பதிலை அப்படியே அடித்து வீதியில் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒரு தரம் வாசித்திருந்தால் அது பட்டறையை விட்டே வெளியே வந்திராது. நம் இலங்கைப் பேருந்து ஒன்றின் இருக்கை அறிவிப்பில் கர்ப்பிணித் ‘தாய்மார்’ ‘நாய்மார்’ ஆனதும் இப்படித்தான். தமிழ் தெரியாத கண்ணுக்குத் ‘த’வும் ‘ந’வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த அறிவிப்பின் படத்துக்குச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த இருக்கைக்கு வந்த பெண்கள் அதை வாசித்திருப்பார்கள்.

இனி உங்கள் மெனு. கணவாய் மீனிலிருந்து தொடங்குங்கள். கைபர் கணவாயும் அதே சொல்தான். தனிச்சொல்லாகக் கொடுத்தால் மலையா கடலா என்று ஃபோனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் சமையலறைக்கு வருவது ஊசிக் கணவாய் என்றால் ‘ஸ்குவிட்’, ஓட்டுக் கணவாய் என்றால் ‘கட்ல்ஃபிஷ்’ என்று நீங்களே எழுதுங்கள். பாரை மீனுக்கு இடையின ரகரம். ‘பாறை’ என்று தட்டினால் ‘ரொக் ஃபிஷ்’ என்று வரலாம். அது வேறு மீன். பாரை என்பது ‘ட்ரெவாலி’. இடியப்பம், புட்டு, சொதி இவற்றின் பெயரை மாற்றவே வேண்டாம். பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, கீழே ஒரு வரியில் சேர்மானத்தைச் சொல்லுங்கள். இறாலும் கச்சானும் (நிலக்கடலை) ஒவ்வாத சிலருக்கு உயிராபத்து. சம்பலில் மாசிக் கருவாடு போடுவீர்களென்றால் அதையும் எழுதத்தான் வேண்டும், சைவம் சாப்பிடுகிறவர் தேங்காய்ச் சம்பலை நம்பித்தான் கேட்பார்.

வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். மலைக்கணவாய் போன்ற பிழைகள் சில அப்போதே பிடிபடலாம். ஆனால் மரியாதைக் குறைவான வாசகம் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு ஆள்தான் வேண்டும்.

தமிழ்ப் பலகையை அலட்சியம் செய்யாதீர்கள். சிங்களத்தில் ழகரம் இல்லை, லகர ளகரங்கள் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும். தொலைபேசியில் சொல்லி அடிப்பித்தால் ‘வெளியேறும் வழி’ ‘வெளியேறும் வலி’ ஆகலாம். எழுத்திலேயே கொடுங்கள், அதுவும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கெ’யின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். திரையில் சரிபார்த்த பிறகு எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். அதன்பின் எந்தக் கணினியிலும் குலையாது.

ஸ்டிக்கர் வெட்டுகிற இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது புள்ளியும் சேர்ந்து வந்துவிடும், ‘நில்’ ‘நில’வாகும். சிறிய எழுத்தென்றால் வெட்டவே வேண்டாம், அச்சடிக்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டுமுன் எல்லாவற்றையும் சாதாரணத் தாளில் எடுத்து ஒரு கிழமைக்குச் சுவரில் ஒட்டிவையுங்கள். பிழை கண்டால் திருத்தும்படி விருந்தினரைக் கேட்டு, பக்கத்தில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள்.