புளூ ஐ சாமுராய் இரண்டாவது சீசனில் யார் பிழைப்பார்கள், யார் சாவார்கள்?

வில்லன் ஃபவுலர் கப்பலிலேயே செத்துப்போவானா, சாமுராய் டைகனைக் கொன்றுவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபவுலர் லண்டன் போய்ச் சேர்வான். டைகன் இந்த சீசனில் சாகமாட்டான். எனக்குப் பயமெல்லாம் வாள் செய்யும் கிழவர் எய்ஜியை நினைத்துத்தான். முதல் சீசனின் எட்டு எபிசோடையும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடைசிக் காட்சிவரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

பார்த்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த அனிமேஷன் தொடர் இது. மைக்கேல் கிரீன், ஆம்பர் நொய்சுமி தம்பதி உருவாக்கியது. அடுத்த மாதமே இரண்டாவது சீசன் உறுதி என்று அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டவருக்குக் கதவடைத்துவிட்ட 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில், வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்தவள் மிஸு. நீல விழிகளை வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஆண் வேடத்தில், தான் பிறந்த சமயத்தில் அந்த நாட்டில் இருந்த நான்கு வெள்ளைக்காரர்களையும் தேடிக் கொல்வதற்காக அலைகிறாள். சீசன் முடியும்போது எதோ நகரம் (இன்றைய டோக்கியோ) எரிகிறது, அந்த நால்வரில் ஒருவனான ஃபவுலர் பிடிபடுகிறான், மிச்சமிருக்கும் ஸ்கெஃபிங்டனும் ரவுட்லியும் லண்டனில் இருக்கிறார்கள் என்று சொல்கிறான், மிஸு அவனைக் கைதியாகப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறுகிறாள். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

இதில் ஊகிப்பதற்கு ஒரு தனிச் சுகம் உண்டு. மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் மூலம் கிடையாது, நாவல் கிடையாது, எல்லாமே இந்தத் தொடருக்காகவே எழுதியது. முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து யாரும் முடிவைப் போட்டு உடைக்க முடியாது. ஆகவே எந்தத் தியரியாக இருந்தாலும் திரையில் காட்டியதை வைத்துத்தான் பேசியாக வேண்டும். “இவர் ரசிகர்களுக்குப் பிடித்தவர், அதனால் கொல்லமாட்டார்கள்” என்கிற வாதத்தை நான் ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. நெட்ஃபிளிக்ஸின் இன்னொரு அனிமேஷன் தொடரான ஆர்கேனில் அதைத்தான் பார்த்தோம். 2021இல் முதல் சீசன் மன்றக் கட்டடத்தை நோக்கி ராக்கெட் பாய்வதோடு முடிந்தது. உள்ளே இருந்தவர்களில் யார் செத்தார்கள் என்று 2024 நவம்பர்வரை மூன்று வருடம் ஜெய்ஸ், விக்டர், மெல் என்று பெரிய பாத்திரங்களைச் சுற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதையையே திருப்பிப்போட்ட சாவு கெய்ட்லினின் அம்மாவுடையது. அந்த அம்மாள் முதல் சீசனில் எத்தனை நிமிடம் வந்தார் என்பதா முக்கியம்? அவர் போனதால் கெய்ட்லின் என்ன ஆனாள் என்பதுதான் முக்கியம்.

அதனால் நான் இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு பார்ப்பேன். இந்த ஆளுக்குக் கதையில் பாக்கி ஏதாவது இருக்கிறதா? இவர் செத்தால் யார் மாறுவார்கள்? பாக்கி இருக்கிறவர்களை நல்ல எழுத்தாளர்கள் அவ்வளவு சீக்கிரம் கொல்லமாட்டார்கள். செக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டைகனைக் கட்டிக்கொள்ள இருந்த பிரபு வீட்டுப் பெண் அகேமியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர், அவள் சொந்தக் காலில் நிற்கிற கட்டம்வரை கூடவே வந்தார், நின்றதும் போய்விட்டார். எனக்கு அந்தச் சாவு இன்னும் ஆறவில்லை. ஆனால் கதையின் கணக்குப்படி அது சரியான இடத்தில் நடந்த சாவு.

சரி, ஃபவுலர். அவனிடம் இருக்கிற பாக்கி மிஸுவின் அம்மா. தன் தாய் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தவள் காசு வாங்கிக்கொண்டு வளர்த்த வேலைக்காரி என்று சொல்கிறவனே இவன்தான். அப்படியானால் பெற்றவள் யார்? ரசிகர்கள் “ஃபவுலர்தான் அப்பாவா” என்பதிலேயே நிற்கிறார்கள், எனக்கென்னவோ பெரிய முடிச்சு அம்மா பக்கம்தான் இருக்கிறது என்று படுகிறது. நீல விழி வர வேண்டுமென்றால் பொதுவாகத் தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்கான மரபணு வந்தாக வேண்டும். அப்பா மட்டும் நீலக்கண்ணன், அம்மா பல தலைமுறையாகக் கறுப்பு விழிக் குடும்பம் என்றால் பிள்ளைக்குப் பெரும்பாலும் கருவிழிதான் அமையும். அப்படியிருக்க மிஸுவின் அம்மாவும் முழு ஜப்பானியப் பெண்ணாக இல்லாமலிருக்கலாம் என்று ஒரு தியரி ஓடுகிறது. எழுதியவர்கள் மரபியல் பாடத்தைப் புரட்டிவிட்டு எழுதினார்களா என்று கேட்கலாம், நியாயம்தான், இது கதை. ஆனால் தொடரின் பெயரிலேயே கண் இருக்கும்போது அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதை வெறுமனே விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதில் தெரிந்த ஒரே ஆள் கப்பலின் அடியில் கட்டிக் கிடக்கிறான். அவனை எப்படிக் கொல்வார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் ஜப்பானிலிருந்து இங்கிலாந்து போவது மாதக்கணக்கில் நீளும் பயணம். அத்தனை நாளும் அந்தக் கப்பலில் மிஸுவோடு பேசத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். போய் இறங்குகிற இடமும் சாதாரண இடமில்லை. தொடர் எதோவின் 1657ஆம் வருடத் தீயில் முடிகிறது, நிஜமாகவே நடந்த தீ அது, ஊரில் பாதிக்கு மேல் எரிந்து ஒரு லட்சம் பேர்வரை இறந்ததாகச் சொல்வார்கள். ஆக லண்டனில் இறங்கும்போது ஏறக்குறைய 1658, ஆலிவர் குரோம்வெல் ஆட்சியின் கடைசிக் காலம். குரோம்வெல்லின் படை அயர்லாந்தை நசுக்கி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். ஃபவுலர் ஐரிஷ்காரன், சின்ன வயதில் அங்கே ஆங்கிலேயப் படையால் பட்டதை அவனே சொல்லியிருக்கிறான். ஜப்பானில் கோட்டைக்குள் ராஜாவாக இருந்தவன் லண்டனில் வெறும் ஐரிஷ்காரன். மிஸுவுக்கோ அங்கே நீலக் கண் ஒரு விஷயமே கிடையாது, முகம்தான் காட்டிக்கொடுக்கும். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளராவது வில்லனைக் கடலில் தூக்கிப் போடுவாரா? அவன் கடைசியில் சாவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மிஸுவின் கையால் சாகமாட்டான் என்று நினைக்கிறேன். ஸ்கெஃபிங்டன், ரவுட்லி இருவரில் ஒருவன் முந்திக்கொண்டு அவன் வாயை அடைத்துவிடுவான், முழுசாகச் சொல்லாமலே போய்ச் சேர்வான்.

டைகனுக்கு வருவோம். ஐந்தாவது எபிசோடையும் ஏழாவது எபிசோடையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும். ஐந்தாவதில், அந்தப் பொம்மலாட்டக் கதைக்கு நடுவே, மிஸுவின் கல்யாண வாழ்க்கை வருகிறது. புருஷன் மிக்கியோ அவளோடு விளையாட்டாக ஆயுதப் பயிற்சி செய்கிறான். அவள் முதலில் அடக்கிக்கொண்டு ஆடுகிறாள், அப்புறம் தன் முழுத் திறமையையும் காட்டுகிறாள், முகத்தில் அதுவரை நாம் பார்க்காத ஒரு சந்தோஷம். அவனைக் கீழே சாய்த்துவிட்டு ஆசையாக நெருங்கும்போது அவன் முகத்தில் வருவது வெறுப்பு. அவளை அரக்கி என்கிறான். ஏழாவது எபிசோடில் எய்ஜியின் இடத்தில் மிஸுவும் டைகனும் அதே மாதிரி கட்டிப் புரள்கிறார்கள். இந்த முறை எதிரில் இருக்கிற ஆண் முகம் சுளிக்கவில்லை. தோற்பதில் அவனுக்கு அவமானம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது, அவனுக்கே அது குழப்பமாக இருக்கிறது. இரண்டு காட்சியும் தற்செயலாக இப்படி ஒத்துப்போகாது. எதிரில் இருப்பது பெண் என்பது மிக்கியோவுக்குத் தெரியும், டைகனுக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. தெரியவரும்போது அவன் முகத்தில் என்ன வரும்? அதைக் காட்டாமல் அவனைக் கொன்றால் ஏழாவது எபிசோடை எழுதியதற்கே அர்த்தமில்லை. இது போதாதென்று, மிஸு வெட்டிவிட்ட அவன் குடுமிக்கான சண்டை இன்னும் பாக்கி. சிறுவயதில் மிஸுவைக் கல்லால் அடித்து விரட்டியதற்கு அவன் சொல்ல வேண்டிய பதிலும் பாக்கி.

ஆனால் அவன் ஜப்பானில், அவள் லண்டனில். இங்கேதான் அகேமி வருகிறாள். 1635ஆம் வருடச் சட்டப்படி ஜப்பானியர் யாரும் வெளிநாடு போகக் கூடாது, போய்த் திரும்பி வந்தால் மரண தண்டனை. மிஸு கப்பலில் கால் வைத்ததுமே அந்தச் சட்டத்தை மீறிவிட்டாள். அவள் திரும்பி வரும்போது அரண்மனையில் அதிகாரத்தோடு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? டைகன் கூப்பிட்டும் போகாமல், பெரிய ஆளாக வேண்டும் என்று ஷோகனின் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவரின்) மகனான தன் புருஷன் தகயோஷியோடு இருந்துவிட்ட அகேமிதான். அப்பாவின் ஆட்கள் தன்னை இழுத்துக்கொண்டு போனபோது மிஸு கையைக் கட்டிக்கொண்டு நின்றதை அவள் மறந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. அவளைக் கொல்லவே மாட்டார்கள். மூன்றாவது சீசன் வருமானால் மிஸுவின் கழுத்துக்கு மேல் தொங்கும் கத்தி அவள் கையில்தான் இருக்கும். தகயோஷி பாவம், நல்லவன், திக்கித் திக்கிப் பேசுகிற அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அகேமி மேலே ஏற ஏற அவன் உயிருக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

மிஸுவின் சீடனாகக் கூடவே அலைந்த ரிங்கோவைப் பற்றி நிறையப் பேர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். கையில்லாமல் பிறந்த பையன் வாள் செய்கிறவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான், அந்தக் கதை இப்போதுதான் ஆரம்பம்.

அதனாலேயே எய்ஜியை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. அவரிடம் பாக்கி என்று எதுவும் தெரியவில்லை. அடைக்கலமாக வந்த பிள்ளையை வளர்த்தார். விண்கல் இரும்பில் அடித்த வாள் உடைந்து மிஸு திரும்பி வந்தபோது, கலப்பே இல்லாத இரும்புதான் முறியும், சரியான இடத்தில் சேர்ந்த கலப்பு வாளுக்குப் பலம் என்கிற மாதிரி, அவள் பிறவியிலிருந்து கேட்கக் காத்திருந்த சொல்லைச் சொல்லிவிட்டார். மகள் என்றோ மகன் என்றோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது பக்கத்தில் புதுச் சீடனும் வந்துவிட்டான். அவர் போனால் ரிங்கோ தனியாக உலைக்கு முன்னால் நிற்க வேண்டும், மிஸுவோ பாதி உலகம் தாண்டி இருப்பாள், சேதியே அவளுக்குப் போய்ச் சேராது. பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும். அவள் லண்டனில் “திரும்பிப் போய் அவரிடம் சொல்வேன்” என்று ஒரு காட்சியில் சொன்னால் நான் அங்கேயே உடைந்துவிடுவேன்.

இதில் எதுவும் நடக்காமல் போகலாம், ஃபவுலர் முதல் எபிசோடிலேயே தப்பித்துக்கூட ஓடலாம். ஆனால் டைகன் விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கமாட்டேன். அவன் எப்படியாவது கடல் தாண்டுவான். அந்த 1635 சட்டம் அவன் தலைமேலும் விழும்.