விபத்தில் பட்ட வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: "காலி வீதியில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் சாரதி வண்டியை எடுத்ததில் விழுந்து கணுக்கால் முறிந்தது. வைத்தியச் செலவை மட்டும் தருகிறோம் என்கிறார்கள் பஸ்காரர்கள். பட்ட வலிக்கு எதுவும் கிடைக்காதா?"

கேட்கலாம். அந்தச் செலவுக் காசை வாங்கிக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மட்டும் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில் வான் மோதி என் அக்காவின் இடுப்பெலும்பு உடைந்தபோது எங்களிடமும் இதே பேச்சைத்தான் பேசினார்கள். அவருடைய வழக்குக்காகக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு அலைந்ததில் அறிந்ததை எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் ரோமன் டச்சுச் சட்டம். மருந்துச் செலவு, இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் வருமானம் ஆகியவை ஒரு பக்கம். உடல் பட்ட நோவு, தழும்பு, ஊனம், முன்புபோல் வாழ முடியாத நிலை ஆகியவை இன்னொரு பக்கம். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு கிடையாது, ஆனாலும் நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு.

மருத்துவச் செலவை மூன்றால் பெருக்கு, ஐந்தால் பெருக்கு என்று இணையத்தில் காண்பது அமெரிக்கக் காப்புறுதிப் பேரங்களில் உள்ள வழக்கம். கொழும்பில் அதை நம்பினால் பெரும் அநியாயம்தான் மிஞ்சும். தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். அக்காவின் சீட்டுகளைக் கூட்டினால் ஆட்டோக் கூலி, வெளியே வாங்கிய மருந்து, ஊன்றுகோல், அவ்வளவுதான். இலவச வைத்தியம் பெற்றவரின் எலும்பு, தனியாரிடம் போனவரின் எலும்பைவிடக் குறைவாகவா நொந்தது? இங்கே அதற்கு வாய்பாடு ஏதும் இல்லை. காயத்தின் தன்மை, அது நீடித்த காலம், நிரந்தரப் பாதிப்பு, வயது எல்லாவற்றையும் பார்த்து மாவட்ட நீதிபதியே தொகையைத் தீர்மானிக்கிறார்.

அதனால் வலிக்கும் சான்று வேண்டும். சட்ட வைத்திய அறிக்கை (நீதிமன்றத் தேவைக்காகக் காயங்களைப் பற்றி வைத்தியர் எழுதுவது), எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி எதையும் தொலைக்காதீர்கள். கூடவே தினமும் குறிப்பு எழுதுங்கள். "தாங்க முடியாத வலி" என்று எழுதினால் நீதிமன்றத்தில் அது எடுபடாது. "மலசலகூடத்துக்கு மகள் பிடித்துக்கொண்டு போனாள்", "இரவு நோவில் விழித்துக்கொண்டேன்" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் "இப்போது நடக்கிறீர்கள்தானே?" என்று அக்காவிடம் கேட்டார்கள். கோயிலில் நிலத்தில் அமர்ந்து கும்பிட முடியாததையும், மாடிப்படி ஏற முடியாமல் வீடு மாறியதையும் அவர் தேதியோடு சொன்னார். அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர்கள் நீட்டவில்லை.

காலக்கெடுவில் கவனம் தேவை. காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். நீதிவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராகப் பொலிஸ் நடத்தும் வழக்கு வேறு. அங்கே அவர் கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பஸ்ஸின் காப்புறுதி நிறுவனத்துக்கும் வழக்குப் பற்றி முறைப்படி அறிவிக்கச் சொல்லுங்கள்.

உயிரே போயிருந்தால் சட்டம் நெடுங்காலம் இதைவிடக் கொடுமையாக இருந்தது. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய வழக்கில், பெற்றோரின் மனத்துயருக்கு நட்டஈடு இல்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே அன்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்க வழி பிறந்தது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். போகும்போது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலையில் தந்த அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.