கோழி தன் முட்டையையே குடித்துவிடுகிறது, அறுத்துவிடலாமா?

கேள்வி: பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் ஏழு ஊர்க்கோழி வளர்க்கிறேன். ஒரு மாதமாகப் பின்னேரம் வேலை விட்டு வந்து பார்த்தால் கோதுதான் கிடக்கிறது. கோழிகளே குடிக்கின்றன போல. எல்லாவற்றையும் அறுத்துவிடவா?

பதில்: கத்தியை வையுங்கள் தங்கச்சி, முதலில் ஆளைப் பிடிப்போம். பாம்பு என்றால் முட்டையை முழுசாக விழுங்கிவிடும், கோது கிடக்காது. இருட்டியதும் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் அலகையும் பாருங்கள், ஓரத்தில் மஞ்சட்கரு காய்ந்து ஒட்டியிருப்பதுதான் கள்ளி. அதைப் பிடித்துத் தனிக்கூட்டில் போடுங்கள், மற்றவை பார்த்துப் பழகுவதற்கு முன்.

பெரும்பாலும் உடைந்துபோன ஒரு முட்டையில்தான் இந்தப் பழக்கம் தொடங்கும். கோழி காலையில்தான் அதிகம் முட்டையிடும், நீங்கள் அந்நேரம் கொழுந்து மலையில் நிற்பீர்கள், முட்டை பின்னேரம் வரை கிடந்து மிதிபட்டு உடையும், ஒன்று ருசி பார்க்கும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற பாட்டியிடம் சொல்லிப் பத்து மணிக்கும் மத்தியானமும் எடுக்கச் சொல்லுங்கள். ஏழு கோழிக்கு இரண்டு பெட்டி வேண்டும், ஒரு அடி நீள அகலம் போதும், இருட்டு மூலையில் வைத்து முன்னால் சாக்குத் துண்டைத் தொங்கவிடுங்கள். உள்ளே காய்ந்த மானாப்புல் மூன்று அங்குலம் போடுங்கள், மழை நாளில் நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

சோறும் மிச்ச ரொட்டியும் மட்டும் தின்கிற கோழிக்கு ஓடு கடதாசி மாதிரித்தான் வரும். ஒரு முட்டை ஓட்டுக்கே கிட்டத்தட்ட 2 கிராம் கல்சியம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் கொஞ்சமாவது கலந்து கொடுங்கள். அதோடு சிப்பி ஓட்டை நொறுக்கித் தனிச் சட்டியில் பின்னேரத்தில் வையுங்கள், ஓடு கட்டுவது பெரும்பாலும் இராத்திரியில்தான். முட்டைக்கோதும் போடலாம், ஆனால் அடுப்பில் நன்றாகக் காயவைத்து, முட்டை என்று அடையாளமே தெரியாதபடி தூளாக்குங்கள். தேயிலைக்குப் போட்டு மிஞ்சின டொலமைட் (மண்ணுக்குப் போடும் சுண்ணாம்புக் கல் தூள்) இருக்கிறதே என்று அதை மட்டும் அள்ளி வைத்துவிடாதீர்கள், அதில் மக்னீசியம் அதிகம், கழிச்சல் வரும், ஓடும் இன்னும் மெலியும்.

முட்டைக்குள் மிளகாய்த்தூள் அடைத்து வைக்கச் சொல்வார்கள். நானும் ஒரு தடவை கண் எரிய எரிய அடைத்து வைத்தேன், கோழி சுத்தமாகக் குடித்துவிட்டு அடுத்ததுக்கு வந்து நின்றது. பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது, அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதைவிட மரத்தில் முட்டை மாதிரிச் செதுக்கி வெள்ளை பூசிப் பெட்டியில் வையுங்கள், கொத்திக் கொத்தி அலுத்துப்போகும்.

பெட்டியின் அடிப்பலகையைச் சற்றுச் சரித்து, முட்டை உருண்டு பின்பக்கம் ஒரு மறைவுக்குள் போய் விழும்படி செய்தால் இன்னும் நல்லது, கோழிக்கு எட்டவே எட்டாது. இரண்டு மூன்று வாரம் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு கள்ளியை மட்டும் சட்டிக்கு அனுப்புங்கள், ஏழையும் அல்ல.